கோட்டுக்கு வெளியே

பள்ளியிலும் பிறகு கல்லூரியிலும் வாலிபாலும் தடகளமும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். பயிற்சியாளர்கள், பெற்றோர், மாணவர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி அனுப்பலாம் என்று இதழில் அறிவித்ததும், சர்வீஸ் போடுவது எப்படி, தொடர் ஓட்டத்தில் பேட்டன் மாற்றுவது எப்படி என்றெல்லாம் கேட்பார்கள் என நினைத்துக் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். அந்த நோட்டைத் திறக்க வேண்டிய வேலையே வரவில்லை. வந்த கடிதங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மனிதர்களைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

மேடம், வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது வருடம். பள்ளி வாலிபால் அணிக்கு 12 பேரைத் தேர்ந்தெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மூன்று வருடமாக ஆடிவரும் ஒரு பையனுக்கு இடமில்லை. அன்றிலிருந்து அவன் கிரவுண்டுப் பக்கமே வருவதில்லை. 'என் பையனிடம் என்ன குறை?' என்று அவன் அம்மா வந்து கேட்டபோது எனக்கு வாயே வரவில்லை. தேர்வு சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.
— உடற்கல்வி ஆசிரியர்

தேர்வு சரியாகவே இருக்கலாம். பலகைதான் பிரச்சினை. பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கூட்டாளிகள் சுற்றி நிற்க, மேலிருந்து பெயர்களைப் படித்துக்கொண்டே வந்து, கடைசி வரி முடிந்ததும் தன் பெயர் இல்லை என்று தெரிந்துகொள்கிறான். அந்த நிமிடம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? அவன் கிரவுண்டுக்கு வராததற்கு இடம் கிடைக்காதது பாதிக் காரணம். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே இருப்பது மீதிக் காரணம்.

பட்டியலை ஒட்டும் முன், இடம் கிடைக்காதவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும். விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: 'இந்த வருடம் 12 பேரில் நீ இல்லை.' 'நீ நல்ல பையன், உன் உழைப்பு எனக்குத் தெரியும்' என்று ஆரம்பித்தால், பின்னால் என்ன வரப்போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிடும். அப்புறம் நீங்கள் சொல்லும் நல்ல வார்த்தை எதுவும் காதில் ஏறாது. அடுத்தது காரணம். அவன் எடுத்து வேலை செய்யக்கூடிய காரணமாக இருக்க வேண்டும். 'உன் ஆட்டம் போதவில்லை' என்று சொன்னால் அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்வான்? 'எதிராளியின் சர்வீஸை நீ வாங்கும்போது பந்து செட்டருக்கு (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவருக்கு)ப் போகாமல் வலையைத் தாண்டிவிடுகிறது. உன் இடத்துக்கு எடுத்திருக்கும் இரண்டு பேரும் அதைச் சரியாக அனுப்புகிறார்கள்' என்று சொன்னால் அவனால் மறுநாளே சுவரில் பந்தடித்துப் பழக முடியும்.

மூன்றாவது, இனி என்ன என்பது. பயிற்சிக்குத் தொடர்ந்து வரலாமா, மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? இளம் ஆசிரியர்கள் வாயை விடுவது இங்கேதான். கலங்கிய கண்ணைப் பார்த்ததும் 'அடுத்த வருஷம் கண்டிப்பா நீ இருப்ப' என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த வருடம் யார் யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் அதே பையன் முன்னால் நிற்பது இன்றைக்கு நிற்பதைவிடக் கஷ்டம்.

அவன் அம்மா கேட்ட கேள்விக்கான பதில் செலக்‌ஷனுக்கு இரண்டு வாரம் முன்பே தாளில் இருந்திருக்க வேண்டும். சர்வீஸ், பந்து வாங்குதல், தடுப்பு, வருகை என்று எதையெதைப் பார்க்கப்போகிறீர்கள் என எழுதி மாணவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். செலக்‌ஷன் நாளில் உங்களோடு இன்னொருவரும் தனியாக மதிப்பெண் போடட்டும். அந்தத் தாளை எடுத்துவைத்துப் பேசும்போது அந்த அம்மாவுக்குக் கோபம் இருக்கலாம், சந்தேகம் இருக்காது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். தேர்வான 12 பேரின் பிறந்த தேதிகளை வரிசையாக எழுதுங்கள். 1985-இல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்தவர்கள், மேல்மட்ட அணிகளில் வருடத்தின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதைக் கண்டார்கள். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்பட்டது. ஒரே பிரிவில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு வருட வளர்த்தி சாதாரணமில்லை. அதைத் திறமை என்று எழுதிவிடுகிறோம். தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் நிறைய ஆட்டமும் கிடைக்க, வித்தியாசம் பிறகு நிஜமாகவே திறமையாகிவிடுகிறது. உங்கள் பட்டியலிலும் அப்படி இருந்தால் கலைக்க வேண்டாம். வெளியே நிற்கும் சின்னப் பையன்களைப் பயிற்சியிலிருந்து துரத்தாமல் இருந்தால் போதும்.

அந்தப் பையனை நீங்களே போய்ப் பாருங்கள். ஆள் விட்டுக் கூப்பிடாதீர்கள்.

என் மகள் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். பெயருக்குத்தான் அணி, எப்போதும் பெஞ்சுதான். கோச்சிடம் பேசலாமா? பேசினால் அவளுக்குக் கெட்ட பெயர் வருமோ?
— ஒரு தந்தை

முதலில், குறை அவளுக்கா உங்களுக்கா என்று பாருங்கள். சில பிள்ளைகள் பெஞ்சில் நன்றாகவே சிரித்துக்கொண்டிருக்கும்; பார்வையாளர் வரிசையில் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுகை வரும். அவளுக்கே குறை என்றால் அவளே கேட்கட்டும்: 'சார், நான் இன்னும் கொஞ்ச நேரம் ஆடணும்னா என்ன செய்யணும்?' ஒழுங்கான கோச் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். பதிலே வரவில்லை என்றால் நீங்கள் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், மாட்ச் நாளில் வேண்டாம். உங்கள் மகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். 'அந்தப் பொண்ணை மட்டும் ஏன் எடுக்கிறீங்க' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. நானாக இருந்தாலும் முடித்துவிடுவேன்.

12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கால்பந்துப் பயிற்சி தருகிறேன். மாட்ச் நடக்கும்போது பெற்றோர் கோட்டோரம் நின்று 'அடி', 'பாஸ் பண்ணு', 'ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலையா' என்று கத்துகிறார்கள். பிள்ளைகள் என்னைப் பார்ப்பதா அவர்களைப் பார்ப்பதா என்று முழிக்கிறார்கள். ஒருவரிடம் சொன்னேன், சண்டைக்கு வந்துவிட்டார்.
— கிளப் பயிற்சியாளர்

மாட்ச் நடுவில், நாலு பேர் முன்னால் சொன்னால் யாரும் சண்டைக்குத்தான் வருவார். சீசன் தொடங்கும் முன்பு, யார் மேலும் யாருக்கும் கோபம் இல்லாதபோது, பெற்றோர் எல்லோரையும் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேச வேண்டும். கைதட்டலாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தலாம். பந்தை என்ன செய்வது என்று சொல்வது நான் மட்டும். நடுவரிடம் பேசுவதும் நான் மட்டும். புகார் எதுவானாலும் மாட்ச் முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான். இந்தக் கடைசி விதியைப் பல கிளப்புகள் வைத்திருக்கின்றன. அதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் பாதிப் புகார்கள் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் அறிவிப்பு மட்டும், விமர்சனம் கிடையாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு ஒருவர் யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஃபார்மேஷன் வரைந்து அனுப்புவார்.

அதற்கும் அடங்காமல் ஒருவர் மிஞ்சுவார். அவர் கையில் நோட்டைக் கொடுத்து, எந்தப் பிள்ளை எத்தனை நிமிடம் ஆடியது என்று குறிக்கச் சொல்லுங்கள். தந்திரம்தான். ஆனால் மும்முரமாக எழுதுகிறவரால் கத்த முடியாது. உங்களுக்கும் உண்மையான கணக்கு கிடைக்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஆட வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதை அந்த நோட்டில் நீங்களும் பார்க்கலாம்.

கூட்டத்தில் நார்வேயைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-லேயே குழந்தைகள் விளையாட்டுக்கென்று விதிகளை ஏற்றுக்கொண்டது; 2007-இல் அவற்றைக் குழந்தைகளின் உரிமைகளாகத் திருத்தி எழுதியது. பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டு வரை தரவரிசைப் பட்டியல் வெளியிடக் கூடாது. 13 வரை தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. 'இப்படிச் செல்லம் கொடுத்தால் எங்கே ஜெயிப்பது?' என்று ஒருவர் கேட்பார், கண்டிப்பாகக் கேட்பார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு பதக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது, மொத்தமே சுமார் 55 லட்சம் மக்கள் இருக்கும் இதே நார்வேதான் என்று சொல்லுங்கள். பனி நிறைந்த நாடு என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் விதிகள் அவர்களைக் கெடுத்துவிடவில்லையே.

எனக்கு 17 வயது. 400 மீட்டர் ஓடுகிறேன். பயிற்சியில் வரும் நேரம் போட்டியில் வருவதே இல்லை. பெயர் கூப்பிட்டதும் வயிற்றைப் புரட்டுகிறது, கால் கனக்கிறது. 'டென்ஷன் ஆகாதே' என்கிறார் கோச். எப்படி ஆகாமல் இருப்பது?
— ஒரு மாணவர்

தம்பி, முடியாது. 'டென்ஷன் ஆகாதே' என்று சொன்னதால் டென்ஷன் குறைந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. உன் கோச் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், விட்டுவிடு.

படபடப்பு முழுக்கப் போய்விட்டாலும் உனக்கு நல்லதில்லை. யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1908-இல் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். தூண்டல் மிகக் குறைவாக இருந்தாலும் கடினமான வேலையை அவை சரியாகக் கற்கவில்லை, மிக அதிகமாக இருந்தாலும் கற்கவில்லை. மனிதர்களை அப்படியே எலியோடு வைத்துப் பார்க்க முடியாது என்றாலும், கிரவுண்டில் நிற்கும் எல்லோருக்கும் இது அனுபவத்தில் தெரியும். தூங்கி வழிகிறவனும் ஓட மாட்டான், நடுங்குகிறவனும் ஓட மாட்டான்.

அதனால் அதை அடக்கப் பார்க்காதே, வேறு பெயர் சொல்லிக் கூப்பிடு. ஹார்வர்டில் ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், மற்றவர் முன்னால் பாடவும் பேசவும் போகிறவர்களில் சிலரை 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றும் சிலரை 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்றும் சொல்லச் சொன்னார். உற்சாகம் என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது அமைதி என்று சொன்னால் உடம்பு நம்பாது. உற்சாகம் என்றால் நம்பும், அதற்கும் நெஞ்சு அடிக்கத்தானே செய்யும்?

அடுத்து, போட்டி நாளில் செய்வதை எல்லாம் ஒரே வரிசையில் வைத்துக்கொள். எத்தனை மணிக்கு வார்ம்-அப், எந்த டிரில் முதலில், ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஷூ) எப்போது மாட்டுவது, கடைசியாகத் தண்ணீர் எப்போது. பயிற்சியிலும் அதே வரிசை. கோச்சிடம் சொல்லி மாதம் ஒருமுறை பொய்ப் போட்டி நடத்தச் சொல்: பெயர் கூப்பிட வேண்டும், எண் ஒட்ட வேண்டும், மற்ற மாணவர்கள் கோட்டோரம் நின்று சத்தம் போட வேண்டும். இப்போது உனக்கு அந்தக் கூப்பிடுதலே புதுசாக இருக்கிறது. ஓட்டம் தொடங்கும் பிளாக்கில் உட்காரும்போது மனதில் ஒரே ஒரு விஷயம் இருக்கட்டும், முதல் 50 மீட்டரில் என்ன செய்வது என்பது மட்டும். மெடல், அப்பா, போன வருட நேரம் எதுவும் அங்கே வேண்டாம். தூக்கத்தையும் கவனி, உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். படிப்பு, பயிற்சி, போன் மூன்றும் அதைத்தான் தின்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல், போட்டி இல்லாத நாளிலும் பயம் இருந்தால் டாக்டரிடமோ மன ஆலோசகரிடமோ போ. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-இல் நடந்தது) அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் குழு இறுதிப்போட்டியின் நடுவிலேயே விலகினார். காற்றில் சுழலும்போது தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போன நிலை. அவரைக் கோழை என்று எழுதினவர்களும் உண்டு. 2024 பாரிஸில் அவர் மூன்று தங்கம் வாங்கினார்.

நீண்ட தூரம் ஓடும் மாணவி ஒருத்தி கொஞ்சம் எடை போட்டிருக்கிறாள். வேகம் குறைகிறது. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
— தடகளப் பயிற்சியாளர்

சொல்லவே சொல்லாதீர்கள். வளரும் பெண்ணுக்கு உடம்பு மாறத்தான் செய்யும், அந்தச் சமயத்தில் நேரம் கொஞ்சம் தேங்குவதும் சகஜம். பல பேர் அதைத் தாண்டி வேகமாகத் திரும்பி வருகிறார்கள். நீங்கள் விளையாட்டாகச் சொல்லும் ஒரு வார்த்தையை அவள் தட்டின் முன் உட்காரும் ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

மேரி கெய்ன் என்ற அமெரிக்க ஓட்டக்காரி 17 வயதில் 2013 உலகத் தடகளப் போட்டிக்குத் தேர்வானவர். எடையைக் குறைக்கச் சொல்லி வந்த நெருக்கடியில் மூன்று வருடம் மாதவிடாய் நின்றுபோனதையும், ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019-இல் அவரே வெளியில் சொன்னார். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் வரும் இந்தக் கோளாறுகளுக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் தனிப் பெயரே வைத்து, ஆண் பிள்ளைகளுக்கும் வரும் என்று எச்சரித்தது. எடை மெஷின் உங்கள் ஸ்டோர் ரூமில் இருந்தால் வெளியேற்றுங்கள். அவளிடம் கேட்க வேண்டியது: களைப்பாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, வலி இருக்கிறதா? சந்தேகம் இருந்தால் வீட்டாரிடம் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். சாப்பாட்டுப் பட்டியல் போடுவது நம் வேலையில்லை.

என் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரி வாரத்தில் பாதி நாள் பயிற்சிக்கு வருவதில்லை. நிறுத்தினால் தோற்போம். நிறுத்தாவிட்டால் மற்றவர்கள் என்னை மதிக்க மாட்டார்கள். நிர்வாகத்துக்கோ கோப்பை வேண்டும்.
— கல்லூரி உடற்கல்வி இயக்குநர்

ஏன் வருவதில்லை என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அதை முதலில் கேளுங்கள். திமிர் என்று நாம் நினைப்பதற்குப் பின்னால் பகுதிநேர வேலை இருக்கும், வீட்டில் படுத்திருக்கும் ஒருவர் இருப்பார், மறைத்து வைத்த முழங்கால் வலி இருக்கும். சில சமயம் டிரெஸ்ஸிங் ரூமில் சீனியர்கள் அவளைப் படுத்துவது இருக்கும். அதெல்லாம் இல்லாமல் வெறும் திமிராகவும் இருக்கலாம், அதுவும் நடப்பதுதான்.

காரணம் நியாயமானதென்றால் அவளுக்கென்று நேரத்தை மாற்றுங்கள். மாற்றியதை, அவள் சம்மதத்தோடு, அணிக்குச் சொல்லுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை, ஏற்பாடு இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். நியாயம் இல்லையென்றால், பயிற்சிக்கு வராதவர் அடுத்த மாட்சில் தொடக்க அணியில் இறங்க மாட்டார் என்ற விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்த விதி இதுவரை இல்லை என்றால் இன்றைக்கு அவளுக்காக உண்டாக்காதீர்கள். அடுத்த மாதம் முதல் என்று அறிவித்துவிட்டுக் காத்திருங்கள்.

நிர்வாகத்திடம் எப்போது பேசுவது? அவளை உட்கார வைப்பதற்கு முன். தோற்ற பிறகு போய் விளக்கினால் அது சாக்கு. 'இந்த விதியால் ஒரு மாட்ச் போகலாம், உங்களுக்குச் சம்மதம்தானே?' என்று முன்பே கேட்டு வைத்தால் பிறகு உங்களுக்குப் பக்கபலம் உண்டு. சம்மதம் இல்லை என்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். எளிதான மாட்சாகப் பார்த்து அவளை உட்கார வைத்து நாடகம் மட்டும் போடாதீர்கள். பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளைவிடப் போட்டி அட்டவணையை நன்றாகப் படித்தவர்கள் உலகத்தில் இல்லை.

ஒரு மாணவி ராத்திரியில் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறாள். வீட்டில் பிரச்சினை என்கிறாள். 'யார்கிட்டயும் சொல்லக் கூடாது சார்' என்கிறாள். நான் பதில் சொல்லாவிட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.
— இளம் பயிற்சியாளர்

உங்கள் மனது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். 'நீ சொல்வதைக் கேட்கிறேன். உன் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் உதவி செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் சொல்கிறேன் என்பதை உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.' இதை அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிலர் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று பயப்படுவீர்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் தொடர்ந்தார்கள். யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்றுதானே வந்திருக்கிறார்கள்.

அவள் சொல்வதைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். விசாரணை உங்கள் வேலையில்லை. அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு அன்றைக்கே எழுதி வைத்து, நிறுவனத்தில் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் கொடுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் தலைமையிடம். உடனடி ஆபத்து என்றால் அன்றிரவே.

மெசேஜ் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். மாணவர்களோடு தனிப்பட்ட சாட் வேண்டவே வேண்டாம். குரூப்பில், அதுவும் இன்னொரு ஆசிரியரோ பெற்றோரோ இருக்கும் குரூப்பில். தனியாகப் பேச வேண்டுமென்றால் கதவு திறந்த அறையில், அல்லது மற்றவர்கள் பார்வையில் படும் கிரவுண்டு ஓரத்தில். வண்டியில் தனியாக ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவது கிடையாது. 'என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?' என்று இளம் பயிற்சியாளர்கள் கேட்பார்கள். இல்லை. நல்லவர்கள் எல்லோரும் இந்த விதிப்படி நடந்தால்தான், நடக்காதவன் தனித்துத் தெரிவான்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசர் மீதான பாலியல் வன்முறை வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2016-இல் ஒரு செய்தித்தாள் வெளியில் கொண்டுவந்தது. 2018 ஜனவரியில் மிச்சிகனில் அவனுக்கு 40 முதல் 175 வருடம் சிறை என்று தீர்ப்பானபோது, 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்துக்குத் தங்கள் வாக்குமூலத்தைத் தந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், 1997-லேயே, பதினாறு வயதில், தன் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னதாகக் கூறினார். இருபது வருடம். நம்மிடம் ஒரு பிள்ளை வந்து பேசும்போது நான் நினைத்துக்கொள்வது அந்த இருபது வருடத்தைத்தான்.

பயிற்சி கொடுக்க நேரமே இல்லை மேடம். படிவம், அனுமதி, பஸ், பில். கிரவுண்டில் நிற்பதைவிட மேசையில் உட்காருவது அதிகம். இதற்கா கோச் ஆனேன்?
— விளையாட்டு ஒருங்கிணைப்பாளர்

இதற்கும்தான். புலம்பலில் நியாயம் உண்டு, ஆனால் அந்தப் பேப்பர்தான் ஒரு பிள்ளை கீழே விழும்போது துணைக்கு நிற்கும். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தாள்: வீட்டில் இருவரின் எண், ரத்த வகை, ஒவ்வாமை, ஆஸ்துமா உண்டா, சாப்பிடும் மருந்து, கையெழுத்து. வெளியூர் போகும்போது அந்தக் கட்டு உங்கள் பையில் இருக்க வேண்டும், ஆபீஸ் பீரோவில் இருந்து பயனில்லை. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அந்தப் பீரோவின் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டார். போட்டிகள் எல்லாம் ஞாயிறுதான்.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் ஒருநாள்கூட வைக்காதீர்கள். வசூல், செலவு இரண்டையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். வருடத் தொடக்கத்தில் பந்து, வலை, பஸ், நடுவர் கட்டணம், முதலுதவி என்று எழுதிக் கொடுத்துப் பணம் கேளுங்கள். 'விளையாட்டுக்கு நிதி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்று பொதுவாகத்தான் பதில் வரும். கணிதத் துறைத் தலைவரோடு சிநேகமாக இருங்கள். கேலிக்காகச் சொல்லவில்லை. தேர்வு வாரத்தில் பிள்ளைகளை விடுவிப்பதா வேண்டாமா என்ற சண்டை எப்போதும் அந்த மாதிரி ஒருவரோடுதான் வரும். போட்டித் தேதிகளை வருட ஆரம்பத்திலேயே அவர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டால் சண்டை பாதியாகக் குறையும். மேசை வேலையில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிபட்டு ஆட முடியாமல் இருக்கும் பிள்ளைக்கு ஸ்கோர் ஷீட் ஒரு மருந்து.

திட்டினால்தான் ஆடுகிறார்கள் என்கிறார் என் சீனியர். பாராட்டினால்தான் ஆடுவார்கள் என்கிறது இப்போதைய பயிற்சி வகுப்பு. எது சரி?
— பயிற்சி மாணவர்

ஜான் வுடன் (John Wooden) என்ற அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர், 12 வருடத்தில் 10 தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப் வென்றவர். 1974-75 சீசனில் இரண்டு கல்வி ஆய்வாளர்கள் அவர் பயிற்சி நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் குறித்தார்கள். 2,326 குறிப்புகள். பாராட்டு 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவு. முக்கால்வாசி, எதை எப்போது எப்படிச் செய்வது என்ற தகவல் மட்டுமே. 'முழங்கையை உள்ளே வை', 'பாஸ் கொடுத்ததும் நகரு'. உங்கள் சீனியரும் பயிற்சி வகுப்பும் மீதி கால்வாசிக்காகச் சண்டை போடுகிறார்கள். நாளைக்கு உங்கள் பயிற்சியை ஒரு மாணவரிடம் போனில் பதிவு செய்யச் சொல்லி வீட்டில் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேளுங்கள், சங்கடமாக இருக்கும்.

முக்கியமான மாட்சில் தோற்ற உடனே பிள்ளைகளிடம் என்ன பேச வேண்டும்?
— பள்ளிப் பயிற்சியாளர்

ஒன்றும் வேண்டாம். எதிரணியோடும் நடுவரோடும் கை குலுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கட்டும், பந்துகளை எண்ணிப் பையில் போடட்டும். பஸ் எத்தனை மணிக்கு, நாளைக்குப் பயிற்சி உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள். யாராவது அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். ஆட்டத்தைப் பற்றிய பேச்சு அடுத்த பயிற்சியில், அதுவும் முதலில் அவர்கள் பேசட்டும். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து கேப்டனிடம் 'அந்த ரெண்டாவது செட்டுல...' என்று ஆரம்பிக்கும் பழக்கம் இருந்தால், பின் சீட்டுக்குப் போய்விடுங்கள்.